கேட்டதை எழுதிய தோழர்

நபி (ஸல்) அவர்களிடம் கேட்டவற்றையெல்லாம் எழுதிவைப்பது அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வழக்கம். நபியவர்களும் மனிதரே, கோபத்திலும் மகிழ்ச்சியிலும் பேசுபவரே என்று குறைஷியர் தடுக்கவே, எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஆயினும் ஐயத்தை மனத்தில் புதைக்காமல் நபியவர்களிடமே எடுத்துரைத்தார்கள். நபியவர்கள் தம் திருவாயைச் சுட்டிக்காட்டி, இதிலிருந்து உண்மையன்றி வேறெதுவும் வெளிவராது என்று கூறி, எழுதுமாறு பணித்தார்கள்.

அந்த ஏடே 'அஸ்ஸஹீஃபா அஸ்ஸாதிகா', அதாவது உண்மை ஏடு. நினைவாற்றலில் சிறந்த அபூஹுரைரா (ரலி) அவர்களே, தம்மைவிட மிகுதியான ஹதீஸ்களை உடையவர் அப்துல்லாஹ் ஒருவரே என்றும், அவர் எழுதினார், தாம் எழுதவில்லை என்றும் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

குடும்பப் பேச்சிலும் ஜமாஅத் கூட்டத்திலும் நாம் கற்கவேண்டிய ஒழுங்கு இதுவே: மறப்பதற்கு முன் எழுதுவோம், ஐயம் எழுந்தால் சொன்னவரிடமே கேட்டுத் தெளிவோம்.