மரதன் ஓட்டமும் மகளிர் நேரமும் – புத்தளக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புத்தளம் நகருக்குத் தெற்கே பாலாவியில் பிரியும் வீதி, கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தினூடாக நுரைச்சோலை, தலவில ஆகிய ஊர்களைக் கடந்து கற்பிட்டியைச் சென்றடைகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தின் தொலைவும் ஏறக்குறைய இவ்வளவே. 1908இல் இலண்டனில் ஓடப்பெற்ற 42.195 கிலோமீற்றர் 1921இல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனவே, மரதன் என்னும் சொல் எத்துணைத் தொலைவைக் குறிக்கின்றது என்பதை இக்கரையோர மக்களுக்கு விளக்குதல் எளிது. கற்பிட்டி வீதியைக் காட்டினாற் போதும். அத்தொலைவைக் குறித்த நேரத்தினுள் ஓடி முடிக்கப் பெண்கள் மேற்கொண்ட பயிற்சியின் வரலாற்றையும், அந்நேரத்தை நிர்ணயித்த காரணிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓட்டம் இக்கரைக்குப் புதியதன்று. புகைவண்டி வருவதற்கு முன்னர், கரையோரப் பாதைகளிலே தபாற் பைகளை ஊரூராகச் சுமந்து சென்றோர் ஓட்டக்காரரே. அவர்கள் ஆண்கள், ஓட்டம் அவர்களுக்குக் கூலி தரும் தொழிலாயிருந்தது. பெண்களின் உடலுழைப்பு இவ்வாறு பதிவு பெறவில்லை. தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு நடந்து சென்றோரும், உப்பளத்திலே வெயிலில் நின்றோரும், கருவாடு உலர்த்தியோரும், வெங்காயத் தோட்டங்களிற் களை பிடுங்கியோரும் தொலைவையும் வெப்பத்தையும் தாங்கும் ஆற்றல் உடையோரே. எனினும் அவ்வாற்றல் கடிகாரத்தால் அளக்கப்படவில்லை. அளக்கப்படாத ஆற்றல் வரலாற்றில் இடம்பெறுவதில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

உலக அரங்கிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. 1896இல் ஸ்தமாத்தா ரெவிதி என்னும் வறிய கிரேக்கப் பெண்ணொருத்தி மரதன் ஓட்டத்தில் இடம்பெற விரும்பினாள், அனுமதி கிடைக்கவில்லை. ஆடவர் ஓடிய மறுநாள் அவள் தனியே அவ்வழியை ஓடி ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் முடித்தாள் என்பர். 1928இல் ஆம்ஸ்ரர்டாமில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் வைக்கப்பட்டது. ஓடி முடித்தோர் சிலர் களைத்து விழுந்தனர் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதனைக் காரணங்காட்டி அவ்வோட்டம் நீக்கப்பட்டு, 1960ஆம் ஆண்டு ரோம் போட்டியிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆடவரும் ஓட்டத்தின் முடிவிற் களைத்து விழுவர். 

1966இல் பொபி கிப் என்பவர் பொஸ்டன் மரதனிற் பதிவின்றி ஓடினார். மறு ஆண்டு கத்ரின் சுவிற்சர் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் கொடுத்துப் பதிந்து ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் வழியிலே அவரைப் பிடித்திழுக்க முயன்றார். 1972இல் பொஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றது. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேதான் ஒலிம்பிக் போட்டியில் மகளிர் மரதன் முதன்முறையாக இடம்பெற்றது. ஜோன் பெனோயிட் 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் முதலிடம் பெற்றார். அதே ஓட்டத்தில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த கப்ரியேலா ஆண்டர்சன் – ஷீஸ் வெப்பத்தால் நிலைதளர்ந்து, தள்ளாடித் தள்ளாடி இறுதிச் சுற்றை முடித்தார். 1928இல் இத்தகைய காட்சியொன்று ஓர் ஓட்டத்தையே மூடப் போதுமாயிருந்தது. 1984இல் அவ்வாறு நிகழவில்லை. பெண்ணுடல் அவ்விடைக்காலத்தில் மாறிவிடவில்லை. அதனை நோக்கியோரின் கண்ணே மாறியிருந்தது எனலாம்.

அனுமதி கிடைத்த பின்னர் எழுந்த வினா நேரம் பற்றியதாகும். 1984இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒலிம்பிக் தேர்வோட்டத்தில் இடம்பெற 2 மணி 51 நிமிடம் 16 செக்கன் என்ற எல்லை விதிக்கப்பட்டது. 2016, 2020 ஆகிய ஆண்டுகளின் தேர்வோட்டங்களுக்கு அது 2 மணி 45 நிமிடமாயிருந்தது. எல்லை ஒன்றேயாயினும், 2020இல் தகுதி பெற்ற பெண்கள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர். முந்திய முறையின் தொகையைப் போல் ஏறத்தாழ இருமடங்கினர். இவர்களிற் பலர் ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டோரல்லர். ஆசிரியராகவும் தாதியராகவும் தாய்மாராகவும் இருந்து, வேலைக்கு முன்னும் பின்னும் கூடிப் பயின்றோர். பதக்கம் இவர்களின் இலக்கன்று. அடையத்தக்க எல்லையொன்று வெளிப்படையாக வகுக்கப்பட்டதும், அதனை நோக்கி ஒருவரையொருவர் தாங்கி ஓடக் குழுக்கள் அமைந்ததுமே இவ்வளர்ச்சிக்குக் காரணங்களாம். 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு அவ்வெல்லை 2 மணி 37 நிமிடமாக இறுக்கப்பட்டது.

இவ்வெண்களின் பொருளை விளங்கிக்கொள்ளல் வேண்டும். 2 மணி 45 நிமிடத்தில் முடிக்க விரும்புபவள் ஒவ்வொரு கிலோமீற்றரையும் 3 நிமிடம் 54 செக்கனில் ஓடுதல் வேண்டும். நான்கு நிமிடத்தில் ஓடுவாளாயின் 2 மணி 48 நிமிடம் 47 செக்கன் ஆகிவிடும். கிலோமீற்றருக்கு ஆறு செக்கன் என்பது கண்ணுக்குத் தோன்றாத வேறுபாடு. பாலாவியிலிருந்து கற்பிட்டி சேருமுன் அது நான்கு நிமிடமாகத் திரண்டு விடுகின்றது. அந்த ஆறு செக்கனைக் களைவதற்கே மாதக்கணக்கிற் பயிற்சி தேவைப்படுகின்றது.

தமிழ் நிலத்தில் இத்தகைய பயிற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு உதகமண்டலம் ஆகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீற்றர் உயரத்திலுள்ள அம்மலைநகரில், பெலாருஸ் நாட்டுப் பயிற்சியாளர் நிக்கோலாய் ஸ்னெசரெவ் என்பாரின் கீழ்க் கேரளத்தின் ஓ. பி. ஜெய்சா, மகாராட்டிரத்தின் லலிதா பாபர், உத்தரப் பிரதேசத்தின் சுதா சிங் ஆகியோர் பயின்றனர். அக்காலத்தில் இந்திய மகளிர் சாதனை, சென்னையில் வல்லி சத்தியபாமா நிலைநாட்டிய 2 மணி 39 நிமிடம் 10 செக்கன் ஆகும். பத்தொன்பது ஆண்டுகள் அது அசைக்கப்படவில்லை. 2015 ஜனவரியில் மும்பாயிலே ஜெய்சா 2 மணி 37 நிமிடம் 29 செக்கனிலும் லலிதா 2 மணி 38 நிமிடம் 21 செக்கனிலும் ஓடி, இருவரும் ஒரே நாளில் அதனைக் கடந்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பீஜிங் உலகப் போட்டியில் ஜெய்சா 2 மணி 34 நிமிடம் 43 செக்கனிலும் சுதா 2 மணி 35 நிமிடம் 35 செக்கனிலும் முடித்தனர். பத்தொன்பது ஆண்டுகளாக ஒருவராலும் இயலாதது ஒரே குழுவிலிருந்து மூவர்க்கு இயன்றமை தற்செயலாகாது. கூடிப் பயிலுதலின் பயன் அதுவாகும்.

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. 2016 ஓகஸ்டில் ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக் போட்டியில் ஜெய்சா 2 மணி 47 நிமிடம் 19 செக்கனில் எல்லைக் கோட்டைத் தாண்டி மயங்கி வீழ்ந்தார். வழியிற் குடிநீர் ஏற்பாடு பற்றி எழுந்த சர்ச்சை பத்திரிகைகளிற் பரவியது. பொறுப்பாளர்கள் குற்றச்சாட்டை மறுத்தனர். மரதனிலும் 1500 மீற்றர் ஓட்டமே தமது விருப்பம் என்று அவர் பின்னர் கூறியமையும் கவனிக்கத்தக்கது. நேர இலக்கு ஒருத்திக்கு வழிகாட்டியாகலாம். பிறர் அவள் மேல் ஏற்றிய சுமையும் ஆகலாம். இலக்கு யாருடையது என்னும் வினாவை வரலாற்று மாணவர் கேட்காது விடலாகாது.

இனி இலங்கையை நோக்குவாம். 2016இல் குவாகாத்தியில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் கவிதா ராவுத் 2 மணி 38 நிமிடம் 38 செக்கனில் முதலிடம் பெற, இலங்கையின் நிலூக்கா கீதானி ராஜசேகர 2 மணி 50 நிமிடம் 47 செக்கனில் இரண்டாமிடம் பெற்றார். அதே ஆண்டு அவர் ரியோவிலும் ஓடினார். தமிழ்ப் பெண்களிடையே, முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி எழுபது வயதைக் கடந்த பின்னர் 2023இல் பிலிப்பைன்ஸ் மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றமை யாவரும் அறிந்ததே. ஆற்றலுக்குக் குறைவில்லை என்பதற்கு இவை சான்று. எமது பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளிலும் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களிலும் சில கிலோமீற்றர் வீதியோட்டத்தையே ‘மரதன்’ என வழங்குகின்றோம். அதில் முதலிடம் பெறும் சிறுமியின் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிக்கின்றது. அவளுடைய நேரமோ பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. மறு ஆண்டு அவள் எதனோடு போட்டியிடுவாள்?

புத்தளக் கரையில் ஒருத்தி 2 மணி 45 நிமிடத்தை இலக்காகக் கொள்வதாக எண்ணிப் பார்ப்போம். வாரத்துக்கு 120 கிலோமீற்றர் என்பது இவ்விலக்குக்கு மிகையான பயிற்சியன்று. பயிற்சி வேகத்திற் கிலோமீற்றருக்கு ஐந்து நிமிடம் எனக் கொண்டால், ஓடுவதற்கு மட்டும் பத்து மணி நேரம் வேண்டும். உதகையின் குளிர் இங்கில்லை. வெயில் ஏறுமுன் ஓடி முடித்தல் வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று கற்பிட்டிக்குப் போகையில் முதுகைத் தள்ளும். திரும்புகையில் முகத்தில் அறையும். காற்றுக்கும் வெப்பத்துக்கும் உடலைப் பழக்கலாம். பழக்கவியலாதது ஒன்றுண்டு. ஓடுதற்குகந்த அக்குளிர்ந்த விடியற்பொழுதே இரவு சென்ற படகுகள் கரை சேரும் பொழுது. வலையிலிருந்து மீன் கழற்றும் பொழுது. அடுப்பு மூட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தஞ் செய்யும் பொழுது. இருளில் தனியே வீதியில் இறங்கும் பெண்ணுக்கு ஊராரின் பேச்சும் அச்சமும் வேறு.

ஆகவே, மரதன் வரலாற்றில் இருவகை நேரம் உண்டெனத் துணியலாம். ஒன்று, எல்லைக் கோட்டிற் கடிகாரம் காட்டும் நேரம். மற்றையது, அதனை அடைதற்குப் பெண்ணுக்கு அவள் வீடும் ஊரும் விட்டுக்கொடுக்கும் நேரம். முன்னையதைச் சாதனைப் பட்டியல்கள் பேணுகின்றன. பின்னையதைப் பேணுவார் இலர். 1928 முதல் 1984 வரை பெண்களுக்கு மறுக்கப்பட்டது முன்னையது. இன்று எமது கரையிலே கிடைத்தற்கரியதாயிருப்பது பின்னையது. ஊர்ப் பாடசாலையொன்று வீதியோட்டத்தில் ஓடும் ஒவ்வொரு சிறுமியின் நேரத்தையும் ஆண்டுதோறும் ஏட்டிற் குறித்து வைப்பதும், விடியலில் நால்வர் ஐவராய்ச் சேர்ந்து ஓட ஒரு குழு அமைப்பதும், அவ்வேளையில் வீட்டு அடுப்பை வேறொருவர் மூட்டுவதும் பெருஞ்செலவு வேண்டாதவை. கற்பிட்டி வீதி நெடுங்காலமாக அளக்கப்பட்டே கிடக்கின்றது. அதில் ஓடும் பெண்ணுக்கு ஒரு நாளின் இரண்டு மணி நேரத்தை யார் கொடுப்பார் என்பதே எஞ்சியுள்ள வினாவாகும்.