சட்டம் ஏற்காத நோட்டு, சனம் ஏற்ற நோட்டு

1/ ஸ்காட்லாந்தில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு கோல்ஃப் கத்துக்கொடுத்த நண்பர், மயக்க மருந்து நிபுணர், போன மாசம் காலமானார். அவர் நினைவா ஒரு வரலாற்று இழை. ஆனா கோல்ஃப் பத்தி இல்லை. அவர் மணிக்கணக்கா பேசின இன்னொரு விஷயம்: ஸ்காட்லாந்தின் சொந்த பவுண்டு நோட்டுகள்.

2/ நம்ம ஊர்ல நோட்டுன்னா ரிசர்வ் வங்கிதான் (ஒரு ரூபாய் நோட்டு மட்டும் மத்திய அரசு). பிரிட்டன்ல அப்படி இல்லை. ஸ்காட்லாந்தில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கிளைட்ஸ்டேல் பேங்க்னு 3 வணிக வங்கிகள் இன்னைக்கும் சொந்த நோட்டு வெளியிடுகின்றன. வட அயர்லாந்திலும் இதே கதைதான்.

3/ பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தொடங்கியது 1695-ல். நாட்டில் நாணயத்துக்குப் பெரும் தட்டுப்பாடு. வெள்ளி இல்லாத இடத்தில் காகிதம் வேலை செய்தது. சின்னத் தொகை நோட்டில்தான் அங்கே சந்தை ஓடியது.

4/ 1825-ல் நிதி நெருக்கடி. இங்கிலாந்தில் பல சிறு வங்கிகள் மூழ்கின. 1826-ல் லண்டன் அரசு, 5 பவுண்டுக்குக் கீழான நோட்டே கூடாதுன்னு கிளம்பியது. "நோய் உங்களுக்கு, மருந்து எங்களுக்கா?" என்பதுதான் ஸ்காட்லாந்துக்காரர்களின் கோபம்.

5/ நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், மலாக்கி மலாக்ரோதர் என்ற புனைபெயரில் எடின்பரோ பத்திரிகையில் கடிதங்கள் எழுதினார். அரசு பின்வாங்கியது. அதே ஆண்டில்தான் அவரே கடனில் மூழ்கிக் கிடந்தார் என்பது வேடிக்கை. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டில் அவர் முகம் இருப்பது சும்மா இல்லைங்க.

6/ 1878-ல் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி திவாலானது. பங்குதாரர்களுக்கு வரம்பில்லாப் பொறுப்பு. பெரும்பாலோர் சொத்தை இழந்தார்கள். ஆனா அந்த நோட்டு வைத்திருந்தவர்கள்? மத்த ஸ்காட்லாந்து வங்கிகள் அதை வாங்கிக்கொண்டன! ஒரு வங்கி நோட்டு செல்லாமல் போனால் நாளைக்கு எல்லார் நோட்டையும் சனம் சந்தேகப்படும்னு அவங்களுக்குத் தெரியும்.

7/ இப்போ யார் உத்தரவாதம்? 1845 சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நோட்டு வெளியிட்டால் ஈடு வைக்க வேண்டியிருந்தது. அந்த ஈட்டுக்காகவே இங்கிலாந்து வங்கியில் 10 லட்சம் பவுண்டு "ஜயன்ட்", 10 கோடி பவுண்டு "டைட்டன்" நோட்டுகள் இருக்கு. வெளியே புழங்காது. 2009 சட்டம் இந்த ஈட்டை இன்னும் இறுக்கியது.

8/ உச்சகட்ட வேடிக்கை: ஸ்காட்லாந்து நோட்டு எங்கேயுமே, ஸ்காட்லாந்திலேயே கூட, "சட்டப்படி செல்லும் பணம்" கிடையாது. இங்கிலாந்து வங்கி நோட்டுக்கும் அந்தத் தகுதி இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும்தான். ஆனாலும் எடின்பரோவில் எல்லாக் கடையிலும் ஓடும். லண்டனில் ஒரு கடைக்காரர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது நண்பர் சொன்னார்: "இதுவும் மருந்துச் சீட்டு மாதிரிதான் டாக்டர். தாளுக்கு மதிப்பு இல்லை. கையெழுத்துப் போட்டவன் மேல நம்பிக்கை இருக்கணும்."

9/ எங்க ரெண்டு பேருக்கும் கோல்ஃப் பந்தயம் ஒரே ஒரு பவுண்டு. நாணயம் கொடுத்தால் வாங்க மாட்டார். ராயல் பேங்கின் பழைய ஒரு பவுண்டு நோட்டுதான் வேணும். ஒரே நோட்டு வருஷக்கணக்கா எங்க ரெண்டு பர்ஸுக்கும் நடுவே போய் வந்தது. கோல்ஃப் வீரர் ஜேக் நிக்லஸ் படம் போட்டு அந்த வங்கி 2005-ல் விட்ட 5 பவுண்டு நோட்டையும் பத்திரமா வெச்சிருந்தார், செலவழிக்கவே இல்லை. கிளைட்ஸ்டேல் நோட்டில் பெனிசிலின் ஃப்ளெமிங், டாக்டர் எல்சி இங்கிலிஸ் வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

10/ நமக்கும் இந்தக் கதை உண்டு. 1843-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் சொந்த நோட்டு விட்டது. 1861 சட்டம் அந்த உரிமையை அரசுக்கு மாற்றியது. அதுக்கு அப்புறமும் மெட்ராஸ் வட்டத்து நோட்டு அந்த வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும்! 5 ரூபாய் நோட்டுக்கு 1903-லும், 100 ரூபாய் நோட்டுக்கு 1911-லும்தான் இந்த வேலி உடைந்தது. நமக்கு ஒரே நோட்டு வசதி. அவங்களுக்கு பல நோட்டு பெருமை. ரெண்டும் நிக்கிறது சனங்களோட நம்பிக்கை மேலதான்.

11/ ஸ்காட்லாந்து போறவங்களுக்கு ஒரு யோசனை: கையில் இருக்கும் உள்ளூர் நோட்டை அங்கேயே செலவழிச்சிருங்க, இல்லேன்னா இங்கிலாந்து நோட்டா மாத்திட்டு விமானம் ஏறுங்க. ஞாபகத்துக்கு ஒண்ணு மட்டும் வெச்சுக்கலாம், தப்பில்லை.