பாலி மரம் தோற்ற கதை

குற்றாலத்தில் சாரல் பிடித்த ஒரு ஜூலை மாலை. டீக்கடை அண்ணாச்சி என் மடக்கு போனைப் பார்த்துக் கேட்டார்: “இப்படி மடக்குனா உள்ள இருக்க கம்பி ஒடையாதா தம்பி?”

கம்பிகளைத் தாங்குவது பாலிஇமைடு என்ற மெல்லிய படலம். மடங்கும், மின்சாரத்தையும் கசியவிடாது என்றேன். அத்தோடு முடிந்தால் நல்லதுதான். ஆனால் எந்தக் காப்புப் பொருளும் கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சமிக்ஞையும் அதை நிரப்பிவிட்டுத்தான் மேலே நகர முடியும். எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்வது டைஎலக்ட்ரிக் மாறிலி. காற்றுக்கு 1, பாலிஇமைடுக்கு சுமார் 3.4. இதைக் குறைக்கத்தான் படலத்தில் ஃப்ளோரின் சேர்க்கிறார்கள், நுண்ணிய காற்றறைகளைப் புகுத்துகிறார்கள்.

இந்தத் தலைவலி திரையோடு வந்ததல்ல. 1858ல் அட்லாண்டிக் கடலடி கேபிளில் விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர சுமார் 16 மணி நேரம் ஆனது. பழுது ஒரு பக்கம்; உள்ளே செம்பு, வெளியே கடல்நீர், நடுவே கட்டாபெர்ச்சா உறை என்று மொத்தக் கேபிளுமே ஒரு நீண்ட மின்தேக்கியாக இருந்தது இன்னொரு பக்கம். நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் முன்பே கணக்குப் போட்டிருந்தார்.

கட்டாபெர்ச்சா மலாயாக் காட்டு மரத்தின் பால். அதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்தில் ஒரு கிலோகூடத் தேறாது. காடு காலியாக, மாற்றுத் தேடினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதே இனத்து மரம் உண்டு: பாலி. தாவரவியல் பெயர் பலாக்வியம் எலிப்டிகம். திருவிதாங்கூர் ரெசிடென்ட் ஜெனரல் கல்லன் அதில் ஆர்வம் காட்டினார் (பக்கத்துச் செங்கோட்டை அன்று திருவிதாங்கூர்தான்). மெட்ராஸ் ராஜதானியின் வனப் பாதுகாவலர் கிளெக்ஹார்ன் அதே 1858ல் இம்மரம் பற்றித் தனிக் குறிப்பே எழுதினார்.

பாலியின் பால் தேறவில்லை. ஆறினால் நொறுங்கியது, சூடேற்றினால் கையில் ஒட்டியது. கடலடிக் கம்பிக்கு உறையாக அது ஆகவே இல்லை. மலாயாவின் கதி அதற்கு வராமல் போக அதுவே காரணம் என்றுதான் நினைக்கிறேன். காப்பித் தோட்டங்களுக்குப் பலியான காடுகள் வேறு கணக்கு.

இங்கிருந்து தெற்கே களக்காடு–முண்டந்துறை மழைக்காட்டில் பாலி இன்றும் அடர்ந்து நிற்கிறது. கூடவே நாங்கு, வெடிப்பலா. வெடிப்பலாவின் தாவரவியல் பெயர் கல்லேனியா. அந்த ஜெனரல் கல்லனின் பெயர்தான். அதன் முள்பழத்தைப் பிளந்து தின்பவை சிங்கவால் குரங்குகள்.