நரியும் கொடியும்

ஒன்று ஊன் தின்னும் காட்டு நரி. மற்றொன்று படர்ந்து பூக்கும் கொடி. இவ்விரண்டையும் ஒப்பிட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் இரண்டின் வரலாறும் மனிதனின் ஆசையில்தான் தொடங்கியது.

19ஆம் நூற்றாண்டில் விக்டோரியாவில் குடியேறிய ஆங்கிலேயச் செல்வர்கள், தாய்நாட்டு நரி வேட்டையை மறக்க மனமின்றி, ஐரோப்பியச் செந்நரியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். 1870-களில் அது அங்கே நிலைத்துவிட்டது. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக விட்ட முயல்கள் பெருகியிருந்ததால், அதற்கு இரைப் பஞ்சமே இல்லை. 1910-களில் அது மேற்கு ஆஸ்திரேலியாவை எட்டியது. கறையான் தின்னும் நம்பாட் போன்ற சிறு விலங்குகள் இத்தகைய வேட்டைக்காரனை அறியாதவை. பல இடங்களில் அவை அடியோடு மறைந்தன.

மடகாஸ்கரின் ரப்பர் கொடியோ, அழகிய பூக்களுக்காகக் குவீன்ஸ்லாந்துத் தோட்டங்களுக்கு அதே நூற்றாண்டில் வந்தது. ஒடித்தால் வடியும் பாலில் ரப்பர் உண்டு, எனவே இப்பெயர். தோட்ட வேலியைத் தாண்டிய அது, ஆற்றங்கரை மரங்களின் உச்சிவரை ஏறி வெயிலை மறைத்தது. அதை மேய்ந்த கால்நடைகள் நஞ்சேறி இறந்தன.

இதுவரை இரண்டும் ஒரே கதை. இனிதான் வேறுபாடு.

மடகாஸ்கரில் இக்கொடியின் இலைகளைத் தாக்கும் துருப்பூஞ்சை ஒன்று உண்டு. அது பிற தாவரங்களைக் கெடுக்குமா என்று விரிவாகச் சோதித்த அறிவியலார், 1990-களின் நடுவில் அதைக் குவீன்ஸ்லாந்தில் பரப்பினர். இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. பூவும் விதையும் குறைந்தன. கொடி அழியவில்லை, ஆனால் அதன் வேகம் தணிந்தது.

நரியின் மீதும் ஒரு நோயை ஏவலாமே? அதுதான் இயலாது. நரி நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைத் தாக்கும் நோய்கள் வீட்டு நாயையும், டிங்கோ எனும் காட்டு நாயையும் தாக்கும். ஆகவே வேலியும் நச்சு இரையுமே துணை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1996இல் நச்சு இரை வைக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. அந்த நஞ்சு அங்குள்ள சில காட்டுச் செடிகளில் இயற்கையாகவே உள்ளது. அச்செடிகளோடு காலங்காலமாக வாழ்ந்த உள்நாட்டு விலங்குகள் பல அதைத் தாங்கும். வந்தேறிய நரி தாங்காது. ஆயினும் இரை வைப்பதை நிறுத்தினால் நரி திரும்பிவிடும்.

கொடிக்குப் பகை கிடைத்தது, நரிக்குக் கிடைக்கவில்லை. இரண்டையும் கொண்டுவந்தவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாள் வேட்டையும், தோட்டத்தில் சில பூக்களும்தான்!