சிறு பாய்க்கலமும் வல்வை அன்னபூரணியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த புதுக்குடியிருப்பு, கடலுக்கு அணித்தாயினும் கடற்கரையூர் அன்று. ஊருக்கும் அலைக்குமிடையே களப்பு நீர் கிடக்கின்றது. அதனைக் கடந்து மாத்தளன் கரையிற் போய் நிற்பவர் காண்பது துறைமுகமோ மறைப்போ இல்லாத நெடிய மணற்பரப்பும், வாடைக்காலத்தில் நுரை கக்கி உடைகின்ற அலையுமேயாம். இத்தகைய கரைக்கு ஏற்றது கட்டுமரம். அலை மேலே புரண்டாலும் நீர் மர இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மரம் அமிழாது. கரையேறியதும் கட்டவிழ்த்து உலர விடலாம். கலத்தின் உருவத்தைத் தீர்மானிப்பது கட்டுபவனுடைய விருப்பமன்று. அது மிதக்கவேண்டிய நீரும் அதனை ஓட்டவேண்டிய கைகளுமே என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

மீன்பிடிக்காகவோ சரக்குக்காகவோ அன்றி, உலாவுதற்கென்றே கட்டப்படும் சிறு பாய்க்கலத்துக்கும் இவ்விதியே பொருந்தும். மேனாட்டார் இதனை உல்லாசப் படகு என்பர். பெயரைக் கேட்டுச் செல்வரின் விளையாட்டுப் பொருளென்று கொள்ளுதல் பிழையாகும். அதன் முன்னோர் உழைப்பாளிகளே.

ஜோசுவா சுலோக்கம் என்னும் மாலுமி 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் தேதி பொஸ்ரன் நகரிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டு, 1898 யூன் 27ஆந் தேதி உலகைச் சுற்றி மீண்டார். தனியொருவர் பாய்க்கலத்தில் உலகைச் சுற்றியது அதுவே முதன்முறை. அவருடைய ‘ஸ்பிறே’ 36 அடி 9 அங்குல நீளமுடையது. முன்பு சிப்பி வாரிய பழங்கலம் ஒன்று வயலொன்றில் உக்கிக் கிடக்க, அதனைத் தம் கையாலேயே பலகை பலகையாகப் புதுக்கிக் கட்டினார். அகலம் 14 அடிக்கு மேல். ஆழம் மிகக் குறைவு. இக்காலச் சிற்பி பலர் அந்த அளவைக் கண்டு முகஞ்சுளிப்பர். எனினும் அக்கலம் சுக்கானைக் கட்டிவிட்டாலும் தன் திசை பிசகாது சென்றது. இந்து மாகடலிலே கொக்கோஸ் தீவுகளை நோக்கி 23 நாட்களில் 2,700 மைல் ஓடியபோது, சுலோக்கம் சுக்கான் பிடித்த நேரம் மொத்தம் மூன்று மணிக்கு மேற்படவில்லை என்று அவரே எழுதியுள்ளார். தனியாக ஓடுபவன் உறங்கவும் வேண்டும், உண்ணவும் வேண்டும். ஆதலின் தானே வழி செல்லுங் குணம் இத்தகைய கலத்துக்கு வேகத்தினும் பெரிது.

அதன்பின் வந்த சிற்பிகள் பிற குணங்களையும் சேர்த்தனர். ஏராவின் அடியிற் கனமான ஈயத்தையோ இரும்பையோ பொருத்தினால், காற்றிற் சாய்ந்த கலம் தானே நிமிரும். பாய் முழுவதையும் ஒரே மரத்தில் ஏற்றாது, முன்னே உயர்ந்த மரமும் பின்னே குட்டையான மரமும் நாட்டிப் பகுத்துக் கொண்டால், ஒவ்வொரு பாயும் ஒருவன் கைக்கு அடங்கும். புயலிலே நடுப்பாயை இறக்கிவிட்டு முன்பாயும் பின்பாயுங் கொண்டே சமன் கெடாது ஓடலாம். இவ்வமைப்பைக் கெச் என்பர். உள்ளே நான்கடிக்குள் அடுக்களையும் படுக்கையும் நீர்த்தொட்டியும் அடக்குவது தனிக்கலை. நம் இல்லத்தரசியர் வியப்பர்.

இவ்வகைக் கலமொன்றில், 1928ஆம் ஆண்டு நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டார் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்க இளைஞர். 32½ அடி நீளமான அதனை வரைந்தவர் பொஸ்ரன் நகரத்து யோன் அல்டன். குளொஸ்ரர்த் துறையின் மீன்பிடிக் கப்பல்களைப் பார்த்தே அல்டன் தம் கலங்களை உருவாக்கினார். றொபின்சன் அதற்கு இட்ட பெயர் ‘ஸ்வாப்’. கனவு என்று பொருள்படும் வடசொல், நம் சொப்பனத்துக்கு உறவு. மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் கடலோடி, 1931இல் உலகைச் சுற்றி மீண்டார். 1934இல் கலாபகசுத் தீவுகளில் குடல்வால் வெடித்து அவர் உயிருக்குப் போராடியபோது அமெரிக்கக் கடற்படையினர் வந்து மீட்டனர். ஸ்வாப்போ மீண்டும் அவர் கைக்குக் கிட்டவில்லை.

கலமிழந்த அவர் அடுத்த கலத்தை வாங்கியது எங்கே என்பதே நமக்குரிய செய்தி. முல்லைத்தீவுக்கு வடக்கே, யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையில் உள்ளது வல்வெட்டித்துறை. அங்கே கடலினுட் படர்ந்த முருகைக்கற் பார் அலையைத் தடுத்து நிறுத்துகின்றது. வன்னிக் கரைக்கு வாய்க்காத இவ்வமைதியினாலேயே அங்குப் பெருங்கலங்கள் நங்கூரமிட முடிந்தது. அவ்வூர் ஓடாவிமார் வேப்பமரங்கொண்டு கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் 89 அடி நீளச் சரக்குக் கப்பலை றொபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று வழங்கலானார். 1937இல் வல்வை மாலுமிகளோடு புறப்பட்ட கப்பல், ஏடன், சுயெஸ், கிபிறால்ரர் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் குளொஸ்ரரை அடைந்தது. அல்டன் எந்தத் துறையைப் பார்த்து ஸ்வாப் போன்றவற்றை வரைந்தாரோ, அதே துறையில் வடமராட்சியின் கப்பல் நங்கூரமிட்டது.

உலகிற் சிறந்த கப்பற்சிற்பிகளின் நாட்டவர் ஒருவர், தம் ஊரிற் கட்டுவிக்காது நம் கரையில் ஏன் வாங்கினார்? விலை நயமும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆயினும் சிறுகலத்தில் உலகைச் சுற்றிய ஒருவருக்கு, எந்த அணியம் அலையைப் பிளக்கும், எந்த அமரம் பின்னலையில் எழும் என்பது கண்ட மாத்திரத்தே புலப்படும். அவரை ஏய்த்து விற்க இயலாது. அன்னபூரணி அத்திலாந்திக்கைக் கடந்தமையே அவ்வோடாவிமாருக்குக் கிடைத்த சான்றிதழ்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அல்டனுடைய வரைபடங்கள் இன்றும் பேணப்படுகின்றன. அவற்றைக்கொண்டு எவரும் அக்கலங்களை மீளக் கட்டலாம். வல்வையில் தாளில் வரைந்து கட்டும் வழக்கம் இருந்ததில்லை. ஏராவை இட்டு, வங்குகளை நாட்டி, கண்ணளவாலும் கையளவாலும் வளைவு கண்டனர். தந்தையிடம் மகன் பார்த்துக் கற்றான். மகன் வேறு தொழிலுக்குப் போனபோது அளவும் அவனோடு போயிற்று. பாய்க்கப்பல் வாணிகம் ஓய்ந்தது. பின்னர் நீண்ட போரிலே கடலே பூட்டப்பட்டுக் கிடந்தது. இன்று மாத்தளன் கரையில் ஏறிக் கிடப்பவை அச்சில் வார்த்த கண்ணாடியிழைப் படகுகள், ஒன்றுபோல் ஒன்று. அவை விரைவானவை, மலிவானவை. மீனவர் அவற்றை விரும்புவதிற் குறைகாண எவருக்கும் உரிமையில்லை.

எனினும் வடமராட்சியிலேனும் முல்லைத்தீவிலேனும், ஏராவின் நீளத்துக்கு வங்கின் உயரத்தை எவ்வாறு பிரித்தனர், பாய்மரத்தை எவ்விடத்தில் நாட்டினர் என்று சொல்லத்தக்க முதியவர் யாரேனும் இன்னும் இருப்பாராயின், அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மாணவனுடைய அப்பியாசக் கொப்பியே போதும்.