தொலையாத சுக்கான்



நம் ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்குக் கோடியில், கரையிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்கு நடுவே ஒரு பாறை இருக்கிறது. மலாய்க்காரர்கள் பத்து பூத்தே என்பார்கள். அதன்மேல் 1851-ஆம் ஆண்டு முதல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நின்று கப்பல்களுக்கு வழி காட்டி வருகிறது. அந்தப் பாறை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 2008-இல் அனைத்துலக நீதிமன்றத்தில் சிங்கப்பூருக்குச் சாதகமாக முடிந்தது. அது பெரிய கதை, இங்கே வேண்டாம். அந்த விளக்குக்கு அருகே 2017 ஆகஸ்டு 21-ஆம் நாள் விடியற்காலையில் நடந்த ஒரு விபத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரம், மணி 5.24. ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சிங்கப்பூரை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தது. அதே திசையில், அதற்கு இடப்பக்கமாக, ‘ஆல்னிக் எம்.சி.’ என்ற எண்ணெய்க் கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. போர்க்கப்பல் இடப்பக்கம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் முன்னே போய் நின்றது. மோதல்! கீழே மாலுமிகள் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அறையில் ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது. பத்துப் பேர் மாண்டார்கள். காணாமல் போனவர்களைத் தேட நம் மலேசியக் கப்பல்களும் போயின.

“ராடார், கணினி எல்லாம் வைத்திருந்தார்களே, பிறகு எப்படி?” என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

அந்தக் கப்பலைத் தொடுதிரை வழியாக ஓட்டினார்கள். சுக்கான் பிடித்தவர் ஒருவரே வேகத்தையும் கவனித்து வந்தார். அவர் தடுமாறுவதைக் கண்ட தளபதி, “நீ சுக்கானை மட்டும் பார், வேகத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்” என்று உத்தரவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் திரையில் பொறுப்பை மாற்றும்போது வேகத்தோடு சுக்கானும் அடுத்த திரைக்குப் போய்விட்டது. கணினியின் உதவியைக் குறைத்து வைக்கும் ஒரு முறையில் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முறையில் ஒரு திரையிலிருந்து இன்னொரு திரை பொறுப்பை எடுத்துக்கொள்ள யாருடைய சம்மதமும் தேவையில்லை.

அதுவரை சுக்கானைச் சற்று வலப்பக்கம் பிடித்துத்தான் கப்பலை நேராக வைத்திருந்தார்கள். பொறுப்பு மாறியதும் அது நடுவுக்கு வந்தது, கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கியது. “சுக்கான் போய்விட்டது!” என்றார் பிடித்திருந்தவர். வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைந்ததோ இடப்பக்க விசிறி மட்டும். இரட்டை மாட்டு வண்டியில் இடது மாட்டை நிறுத்தி வலது மாட்டை விரட்டினால் வண்டி எந்தப் பக்கம் போகும்? அப்படித்தான் ஆயிற்று.

சுக்கான் எங்கேயும் போகவில்லை ஐயா! கைக்கு எட்டும் தூரத்தில், பக்கத்துத் திரையில் இருந்தது. பழைய மரச்சக்கரமாக இருந்தால் அது யார் கையில் இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். தொடுதிரையில் அதை நினைவு வைத்துக்கொள்வதே ஒரு வேலையாகிவிடுகிறது. மூன்று நிமிடங்கள் கழிந்தன. சுக்கான் மறுபடி கைக்கு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது.

அந்த மாலுமிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் நாள் அவர்கள் சராசரியாக ஐந்து மணி நேரம்கூடத் தூங்கவில்லை. சிலர் வேறு கப்பலிலிருந்து வந்தவர்கள். அங்கே இருந்த கருவி வேறு. போதிய பயிற்சி இல்லை என்பதை விசாரணையே ஒப்புக்கொண்டது.

இதெல்லாம் நடப்பதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, 1983-இல், லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரம் சுலபமான வேலைகளை எடுத்துக்கொள்கிறது. கஷ்டமானதை மனிதனிடம் விட்டுவிடுகிறது. தினமும் செய்யாததால் அவன் கைப்பழக்கமும் மங்கிவிடுகிறது. ஆகவே இயந்திரம் வந்தால் பயிற்சி குறையாது, கூடத்தான் வேண்டும் என்றார்.

நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில் ஒரு கிராணி இருந்தார். பால் நிறுக்கும் இடத்தில் எண்பது பேர் கணக்கை வாயாலேயே கூட்டிவிடுவார். பிறகு கால்குலேட்டர் வாங்கினார். சில வருஷம் கழித்து ஒருநாள் அதில் பேட்டரி தீர்ந்துவிட்டது. பென்சிலை எடுத்தவர் மூன்று தடவை கூட்டினார், மூன்று விடை வந்தது. “என்னமோ தம்பி, மறந்து போச்சு” என்று சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுடைய கூலி அல்லவா அது!

அமெரிக்கக் கடற்படை 2019-இல் ஒரு முடிவை அறிவித்தது. அந்த வகைப் போர்க்கப்பல்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தொடுதிரையை எடுத்துவிட்டு, பழையபடி கையால் தள்ளுகிற விசைப்பிடியை வைக்கப் போவதாக அப்போது சொன்னார்கள். கப்பல் கப்பலாகப் போய் மாலுமிகளிடம் விசாரித்தபோது அவர்கள் முதலில் கேட்டது அதைத்தான்.