முகப்பருவுக்கு வைட்டமின் மாத்திரை சேஃப்தானா? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான் இது. முகத்தில் பரு, கண்ணாடி முன்னால் அரை மணி நேரம், கையில் போன். ஏதோ ஒரு ரீல்ஸில் 'உங்க உடம்புல வைட்டமின் குறைச்சல், அதான் பரு வருது' என்று ஒருவர் சொல்கிறார். குத்தம்பாக்கம், நேமம், திருமழிசை பக்கம் இருப்பவர்கள் தோல் டாக்டரைப் பார்க்கணும்னா ஸ்கூலுக்கும் வேலைக்கும் லீவு போட்டாகணும். மெடிக்கல் ஷாப் என்றால் பஸ் ஏறுகிற வழியிலேயே முடிந்துவிடும். 'வைட்டமின்தானே, என்ன ஆகிடப் போகுது' என்று ஒரு அட்டை வாங்கிவிடுகிறார்கள்.

எந்த வைட்டமின், எவ்வளவு என்பதைப் பொறுத்து நிறையவே ஆகலாம்.

முதலில் ஒன்று. டீன் ஏஜ் பருவுக்கு வைட்டமின் குறைபாடு பொதுவான காரணம் இல்லை. பருவ வயதில் ஹார்மோன் ஏறும்போது தோலில் எண்ணெய் சுரப்பு கூடுகிறது. மயிர்க்கால் துளைகள் அடைபடுகின்றன, உள்ளே பாக்டீரியா பெருகி வீங்குகிறது. சத்து மாத்திரை இந்தச் சங்கிலியை அறுப்பதில்லை.

வைட்டமின் ஏ: வேலை செய்யும், அதுதான் பிரச்சனை

வைட்டமின் ஏ பருவைக் குறைக்கும் என்பது வதந்தி இல்லை. 1940-களிலேயே டாக்டர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 1981-ல் அமெரிக்கத் தோல் நிபுணர் ஆல்பர்ட் கிளிக்மன் குழு வெளியிட்ட ஆய்வில் பெண்களுக்குத் தினமும் 3 லட்சம் யூனிட், ஆண்களுக்கு அதைவிட அதிகம் கொடுத்தார்கள். பரு குறைந்தது. ஆனால் அந்த அளவு என்பது உடலுக்கு விஷமாகும் அளவுக்கு ரொம்பப் பக்கம். இன்று கடுமையான பருவுக்கு டாக்டர்கள் எழுதும் ஐசோட்ரெட்டினாயின் இதே வைட்டமின் ஏ குடும்பத்து மருந்துதான். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைக் கொடுக்கும்போது கல்லீரல், கொழுப்பு டெஸ்ட் எடுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 14 முதல் 18 வயது பையனுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 3,000 யூனிட், பெண்ணுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. அமெரிக்க ஊட்டச்சத்து வழிகாட்டுதல்படி, இந்த வயதில் தாண்டக்கூடாத உச்ச அளவு 2,800 மைக்ரோகிராம், அதாவது சுமார் 9,300 யூனிட். 25,000 யூனிட் மாத்திரை ஒன்று போட்டாலே அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல்.

'அங்கன்வாடியில குழந்தைக்கு 2 லட்சம் யூனிட் சொட்டு மருந்து கொடுக்கிறாங்களே?' நியாயமான கேள்வி. அது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஐந்து வயது வரை மட்டும், குறைபாட்டால் பார்வை போகாமல் இருக்க அரசு கொடுப்பது. தினமும் 25,000 யூனிட் போட்டால் அதே ஆறு மாதத்தில் 45 லட்சம் யூனிட் உள்ளே போயிருக்கும். பி, சி வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ அப்படிப் போகாது, கல்லீரலில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

அதிகமானால் உதடு வெடிக்கும், தோல் உரியும், முடி கொட்டும், எலும்பு வலிக்கும். விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பருவுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதும் டாக்ஸிசைக்ளினோடு வைட்டமின் ஏ சேர்ந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும். பிள்ளை தனியாக வாங்கிப் போடும் 'சத்து மாத்திரை'யை டாக்டரிடம் மறைக்கக்கூடாது என்பது இதனால்தான். கர்ப்பிணிகளுக்கு அதிக அளவு வைட்டமின் ஏ போனால் கருவின் வளர்ச்சியையே பாதிக்கும். ஐசோட்ரெட்டினாயின் அதைவிட மோசம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் பெண்ணின் பரு மாத்திரை என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முருங்கைக்கீரை, கேரட், பப்பாளிக்கு இந்தப் பயம் வேண்டாம். அதிலிருப்பது பீட்டா கரோட்டின், உடம்பு தேவைக்குத்தான் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். அளவு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான்.

பி12 பருவை வரவழைக்குமா?

சிலருக்கு ஆமாம். 2015-ல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பி12 கூடும்போது பரு பாக்டீரியாவின் செயல்பாடே மாறி, வீக்கத்தைத் தூண்டும் பொருளை அதிகம் சுரப்பதாகக் கண்டார்கள். பி12 ஊசி போட்ட 10 பேரில் ஒருவருக்கு ஒரு வாரத்தில் பரு வந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் பரு போக பி காம்ப்ளெக்ஸ் போட்டு பரு கூடிய கதை எப்படி நடக்கிறது என்பது புரியும். ரத்த டெஸ்டில் குறைபாடு இருந்து டாக்டர் கொடுத்த பி12-ஐ மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஸ்கூலில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரை மேலும் சில வீடுகளில் சந்தேகம் விழுகிறது. அது இரும்பும் ஃபோலிக் ஆசிடும். அதில் பி12-ம் கிடையாது, வைட்டமின் ஏ-யும் கிடையாது. ரத்தசோகைக்கான மாத்திரை, பருவுக்குப் பயந்து குப்பையில் போட வேண்டாம்.

பயோட்டின், ஜிங்க், பச்சை கேப்ஸ்யூல்

முடி, தோல் என்று விற்கும் கம்மி மிட்டாய்களில் இருப்பது பயோட்டின். இந்த வயதுக்கு நாளைக்கு 25 மைக்ரோகிராம் போதும். மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம்கூட இருக்கும், அதாவது 400 மடங்கு. பரு போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தைராய்டு போன்ற ரத்த டெஸ்ட் ரிசல்ட்டை அது தப்பாகக் காட்டவைக்கும். 2017-ல் அமெரிக்க மருந்து நிர்வாகமே இதை எச்சரித்தது. டெஸ்டுக்கு முன்னால் லேபில் சொல்லிவிட வேண்டும்.

ஜிங்க் ஓரளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. 14 முதல் 18 வயது வரை உச்ச அளவு 34 மில்லிகிராம். அதற்கு மேல் நாள்கணக்கில் போட்டால் குமட்டல் வரும், உடம்பில் தாமிரம் குறையும். வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி முகத்தில் தடவுவது நம்ம ஊரில் பாட்டி வைத்தியம் மாதிரியே ஆகிவிட்டது. ஏற்கெனவே எண்ணெய் வழியும் முகத்தில் மேலும் எண்ணெய் எதற்கு? சிலருக்கு அலர்ஜியும் வரும்.

அட்டையில் என்ன பார்க்கணும்?

டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரை இருந்தால் அது சட்டப்படி உணவு வகை. 2016 விதிமுறைப்படி 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். அதே டப்பா பருவைக் குணமாக்கும் என்றும் சொன்னால் அது விதிமீறல். ஐ.யூ. என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். மல்டிவைட்டமின், ஜிம் பவுடர், கம்மி மூன்றும் ஒன்றாக ஓடினால் மூன்றிலும் உள்ள வைட்டமின் ஏ-யைக் கூட்டிப் பார்க்கணும்.

பருவுக்கு நிரூபணமான சிகிச்சை இருக்கிறது. அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு ஜெல்கள் அவற்றில் முக்கியமானவை. பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டே நாளில் முகம் பளிச் என்று ஆனால் அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பூந்தமல்லி அரசு மருத்துவமனையிலோ முதலில் காட்டலாம். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலி அட்டை உட்பட.